இங்கிலாந்தின் ரெடிங்கில் முதல் வீடு: விக்டோரியா காலத்துச் செங்கல் வீடா, 2016-ல் கட்டியதா?

கென்னட்_கரை

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உங்களிடம் ஒரு பஞ்சாயத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

மார்ட்கேஜுக்கு முதற்கட்ட ஒப்புதல் வந்துவிட்டது. எங்களுக்கு இது முதல் வீடு. அலைந்து திரிந்து கடைசியில் இரண்டு வீடுகளில் வந்து நிற்கிறோம். இரண்டும் 4,80,000 பவுண்டை ஒட்டித்தான்.

முதலாவது பாமர் பார்க் பக்கம், 1890-களில் கட்டிய வரிசை வீடு. சிவப்புச் செங்கலுக்கு நடுவே சாம்பல் செங்கலை வைத்துக் கோலம் போட்டது மாதிரி முகப்பு. பே ஜன்னல், உயரமான கூரை, இரண்டு கணப்பு. மேலே மூன்று படுக்கையறை. குளியலறை, கழிப்பறை எல்லாம் கீழே சமையலறைக்குப் பின்னால் ஒட்டவைத்த பகுதியில். மாடியில் ஒன்றும் கிடையாது. ஈபிசி (வீட்டின் எரிசக்தித் தரச் சான்று) 'ஈ'.

இரண்டாவது ஷின்ஃபீல்டில் 2016-ல் கட்டிய செமி, ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. மூன்று படுக்கையறை, மாடியில் இரண்டு குளியலறை, கீழே ஒரு கழிப்பறை, காருக்கு இடம், ஈபிசி 'பி'. கீழ்த்தளம் முழுக்க ஒரே கூடம். சமையல், சாப்பாடு, சோபா எல்லாம் அதிலேயே.

எனக்குப் புதுசு பிடித்திருக்கிறது, மனைவிக்குப் பழசு. இரண்டு சின்னப் பிள்ளைகள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஐந்தாறு மாதம் தங்குவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மனைவிக்கு ராயல் பெர்க்‌ஷயர் மருத்துவமனையில் வேலை, இரவுப் பணியும் உண்டு. எனக்கு வாரத்தில் இரண்டு நாள் லண்டன்.

பழைய வீடு பணத்தைத் தின்னும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே, எதற்கு, எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. அதைத்தான் கேட்கிறேன்.

புதுவீட்டுக்காரன்

யோசிக்கவே வேண்டாம், ஷின்ஃபீல்டு. நானும் அந்தப் பக்கம்தான். ஜனவரி மாதம் வீட்டுக்குள் டீ-ஷர்ட்டோடு நடக்கலாம். வந்ததிலிருந்து பாய்லர் சர்வீஸைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விக்டோரியா காலத்து வீட்டுச் சுவர் முழுச் செங்கல், ஒன்பது அங்குலம், நடுவில் இடைவெளியே இல்லை. நீங்கள் கொடுக்கும் கேஸ் காசு நேராகத் தெருவுக்குப் போகும்.

இன்னொன்று: 1999-க்குப் பிறகு இங்கிலாந்தில் கட்டும் புது வீடுகளில் வாசல் மட்டத்தில் ஒரு கழிப்பறை இருந்தாக வேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது. வாசலும் படியில்லாமல்தான் அநேகமாக இருக்கும். அம்மா முழங்காலுக்கு வேறென்ன வேண்டும்?

செம்மண்வாசி

நியூடவுனில் 1880-களின் வீட்டில் பல வருடமாக இருக்கிறேன். ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் ஆலையில் வேலை செய்தவர்கள் குடியிருந்த தெருக்கள் இவை. நம் ஆட்கள் சொல்கிற அளவுக்கு இவை பயங்கரம் இல்லை. அதேசமயம் அழகைப் பார்த்து மயங்கினால் கஷ்டம்தான்.

கொஞ்சம் விவரம் கொடுங்கள். லிஸ்டட் (பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடப் பட்டியலில் உள்ள) வீடா? அநேகமாக இருக்காது, அந்தப் பட்டியலில் அதிகமும் 1850-க்கு முந்தையவைதான். ஆனால் ரெடிங்கில் கோலச் செங்கல் முகப்புள்ள சில தெருக்களுக்கு ஆர்ட்டிகிள் 4 கட்டுப்பாடு உண்டு. முகப்பில் பெயின்ட் அடிக்கவோ பூசவோ கவுன்சில் அனுமதி வேண்டும். என்னைக் கேட்டால் அது நல்லதுதான், அந்தச் செங்கலைப் பூசி மறைப்பவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும். ஜன்னல் மரமா, பிளாஸ்டிக்கா? தரை பலகையா, கான்கிரீட்டா? அதைப் பார்த்தீர்களா?

வல்லிபுரத்தான்

தம்பி, நான் கட்டட வேலை செய்கிறவன். கனகாலமாக இந்தப் பக்கத்து வீடுகளில்தான் வேலை. எங்கே காசு போகும் என்று கேட்டீர்கள், அதுக்கு மட்டும் சொல்லுறன்.

இந்த வீடுகளைக் கட்டினது சுண்ணாம்புச் சாந்தில். மழையில் சுவர் நனையும், வெயிலில் காயும், அவ்வளவுதான் அதன் கணக்கு. பிறகு ஆரோ ஒருவர் வந்து செங்கல் இடுக்குகளைச் சிமெந்தால் அடைத்துவிடுவார். பார்க்க வடிவாக இருக்கும். சிமெந்து வழியாக ஈரம் வெளியேறாது, செங்கல் வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். உறைபனி விழுந்தால் செங்கலின் முகம் தகடு தகடாக உதிரும். வீட்டுக்கு முன்னால் நின்று இடுக்கைப் பாருங்கோ. சாம்பல் நிறத்தில் கடினமாக, செங்கலை விட முன்னுக்குத் துருத்திக்கொண்டு நின்றால் அது சிமெந்து. வெளிறிய நிறத்தில், சாவியால் சுரண்டினால் தூளாக வந்தால் சுண்ணாம்பு. (வீட்டுக்காரர் பார்க்காத நேரம் சுரண்டுங்கோ.)

அடுத்தது தரை. கீழ்த்தளம் மரப்பலகை என்றால் அதுக்குக் கீழே காற்று ஓட வேண்டும். அதுக்காகத்தான் வெளிச்சுவரின் அடியில் ஏர்பிரிக் என்ற ஓட்டைச் செங்கல்கள் இருக்கும். பின்பக்கம் வடிவான கல் பதித்து நில மட்டத்தை உயர்த்தி, அந்த ஓட்டைகளை மூடிவிடுவினம். பத்து வருடத்தில் மரச்சட்டத்தின் நுனி உக்கிப் போகும். அறையின் மூலையில் போய்க் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுங்கோ. தரை அசைந்து அலமாரியில் கண்ணாடி கிலுங்கினால் கவனம்.

ஈரம் பார்க்க இலவசமாக வருகிறோம் என்று சொல்லும் கம்பனிகளைக் கூப்பிட வேண்டாம். சுவரில் மருந்து ஏற்றுவதுதான் அவர்களின் வியாபாரம், வேறு என்னத்தைச் சொல்லப் போயினம்? பாதி வீடுகளில் நான் கண்டது உடைந்த தண்ணீர்ப் பீலியும், அடைபட்ட ஏர்பிரிக்கும், ஜன்னலைத் திறக்காமல் குசினியில் அவிக்கிற இடியப்பமும்தான்.

1970 வரைக்கும் ஈயக் குழாய் போட்டவை. தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் இன்னும் ஈயமா என்று பாருங்கோ, சின்னப் பிள்ளைகள் இருக்கினம். கரண்ட் வயரிங் எப்ப மாற்றினது என்று கேளுங்கோ. இவ்வளவும் சரியென்றால் அந்த வீடு உங்களை விட நீண்ட காலம் இருக்கும்.

பத்திரம்_பார்

சொத்துப் பரிமாற்ற வேலையில் இருக்கிறேன். (இது சட்ட ஆலோசனை இல்லை, வழக்கமான பல்லவி.) பழைய வீட்டைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியாகிவிட்டது. புது வீட்டுப் பக்கம் நான் வருகிறேன்.

ஷின்ஃபீல்டு வீடு ஃப்ரீஹோல்ட் (நிலமும் வீடும் நமக்கே சொந்தம்) என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். சரி. ஆனால் தெரு யாருடையது? இப்போதெல்லாம் பல புதுக் குடியிருப்புகளில் உள் சாலை, பூங்கா, மழைநீர்க் குட்டை எதையும் கவுன்சில் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு நிர்வாக நிறுவனம் பார்த்துக்கொள்ளும், வருடா வருடம் பில் நமக்கு வரும். கவுன்சில் வரியும் முழுசாகக் கட்டுவோம், புல் வெட்டத் தனியாகவும் கட்டுவோம். இந்தக் கட்டணத்தைப் பற்றிய கவலையை 2024-ல் போட்டி ஆணையமான சிஎம்ஏ-வே வீடு கட்டும் துறை பற்றிய தன் அறிக்கையில் எழுதியது.

சொலிசிட்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா? கடந்த மூன்று வருடக் கணக்கு எங்கே? விற்கும்போது அந்த நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டுமா, அதற்கு எவ்வளவு? 'ஆண்டுக்கு 200 பவுண்ட்தான்' என்று ஏஜென்ட் சொல்வது பதில் ஆகாது.

புது வீடுகளுக்குக் கொடுக்கும் என்ஹெச்பிசி உத்தரவாதமும் அப்படித்தான். பத்து வருடம் என்பார்கள். முதல் இரண்டு வருடம்தான் கட்டியவர் வந்து குறைகளைச் சரிசெய்வார். அடுத்த எட்டு வருடம் முக்கியமாகக் கட்டமைப்புக் கோளாறுகளுக்கான காப்பீடு. 2016 வீட்டுக்கு 2026-ல் அதுவும் முடிந்துவிடும். ஆகவே நீங்கள் வாங்குவது உத்தரவாதமுள்ள புது வீடு என்று நினைக்க வேண்டாம், அதுவும் ஒரு கைமாறிய வீடுதான்.

ஸ்டாம்ப் டியூட்டி: இரண்டு பேருக்கும் இது முதல் வீடு என்றால், இப்போதைய விகிதத்தில் 3,00,000 வரை இல்லை, மீதி 1,80,000-க்கு 5 சதவீதம். 9,000 பவுண்ட். பழசானாலும் புதுசானாலும் அதே.

புதுவீட்டுக்காரன்

கட்டணம் உண்டுதான், மறுக்கவில்லை. எங்களுக்கு வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு கூரை மாற்றும் செலவில் எத்தனை வருடக் கட்டணம் கட்டலாம் என்று யோசியுங்கள். பழைய வீட்டில் எந்தப் பழுதுபார்ப்பு என்றாலும் 20 சதவீத வாட் வேறு.

எர்லிவாசி

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருப்பதை மறந்துவிட்டீர்களே, ரெடிங்கை ஒட்டிய லோயர் எர்லி. எழுபதுகளின் கடைசியில் தொடங்கித் தொண்ணூறுகள் வரை கட்டினார்கள். சாலை எல்லாம் கவுன்சில் சாலை, இரட்டைச் சுவர், ஸ்டேஷனுக்கு 21-ஆம் எண் பேருந்து. அழகு என்று ஒன்றும் கிடையாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி தெருக்கள், புதிதாக வருபவர் வழி தவறாமல் போனதே இல்லை. கராஜுக்குள் கார் நுழையும், கார்க் கதவைத் திறக்க முடியாது. ஆனால் தலைவலி குறைவு.

ஷின்ஃபீல்டைத் தாண்டிக் கிரேஸ்லி பக்கம் தேடுகிறவர்களுக்கு ஒரு கொசுறு: பர்க்ஃபீல்டு அணு ஆயுத ஆலையைச் சுற்றிய அவசரகாலத் திட்ட வட்டம் 2020-ல் பெரிதானது. அங்கே வரவிருந்த 15,000 வீட்டு நகரத் திட்டமே அதோடு நின்றுபோனது. எந்தத் தெரு உள்ளே, எது வெளியே என்று வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுகரை

இழையைத் தொடங்கியவரின் மனைவி நான்தான். 'மனைவிக்குப் பழசு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், அதனால் கணக்குத் தொடங்க வேண்டியதாயிற்று.

கணப்பைப் பார்த்து மயங்கியதாக எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். கணப்பு பிடிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. என் காரணம் வேறு. நைட் முடித்துக் காலையில் வந்தால் நான் தூங்க வேண்டும். பாமர் பார்க்கிலிருந்து மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். ஷின்ஃபீல்டிலிருந்து பேருந்து அல்லது கார். தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டுவது எப்படி என்று இரவுப் பணி பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த ஒரே கூடம். வீடு பார்க்கப் போனபோது அங்கே வெள்ளை சோபா போட்டு வைத்திருந்தார்கள். அடுப்புக்கும் சோபாவுக்கும் நடுவில் நாலடி. மேலே இருந்த சிம்னி ஹூட்டைத் திறந்து பார்த்தேன். புகையை வெளியே தள்ளும் குழாயே இல்லை, கரி வடிகட்டி வழியாக அதே காற்றைத் திரும்ப உள்ளேயே விடுகிறது. அந்த வீட்டில் மீன் பொரித்தால் மாடியில் தொங்கும் யூனிஃபார்ம் வரை மணக்கும். பழைய வீட்டில் சமையலறை பின்னால் தனியாக இருக்கிறது, கதவு இருக்கிறது, வெளிச்சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைத் துளைத்து ஒரு ஃபேன் வைத்தால் முடிந்தது.

பழைய வீட்டுச் சுவர் தடிமன், சத்தமும் வராது.

வல்லிபுரத்தான்

தங்கச்சி, கடைசி வரி மட்டும் பிழை. மற்றதெல்லாம் ஓம். வீட்டுக்குள் அறைக்கு அறை சத்தம் என்றால் பழசு பரவாயில்லை, புது வீடுகளில் உள்சுவர் பிளாஸ்டர்போர்டு. ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தம் வேறு கதை. பழைய வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான், தரைச் சட்டங்களும் சில வேளை அதே சுவருக்குள்தான் போகும். 2003-ல் ஒலி விதிகளை இறுக்கினதுக்குப் பிறகு கட்டினவை இந்த விசயத்தில் திறம். பகலில் நித்திரை கொள்ளுகிற ஆள் என்றால் பக்கத்து வீட்டில் ஆர் இருக்கினம், பியானோ இருக்கா என்று பார்த்துவிட்டு வாங்குங்கோ.

செம்மண்வாசி

சகோதரி எழுதியதைப் படித்ததும் எனக்கு இன்னொன்று தோன்றியது. அம்மாவின் முழங்காலுக்கு ஷின்ஃபீல்டுதான் நல்லது என்று மேலே ஒருவர் சொன்னார். கீழே கழிப்பறை இருக்கிறது, சரி. அம்மா எங்கே படுப்பார்? கீழே அறையே இல்லை. ராத்திரி மாடியில் படுக்கை, பகலெல்லாம் கீழே; படியேறி இறங்கத்தான் வேண்டும். குளிப்பதும் மாடியில்.

பழைய வீட்டில் முன் அறை கதவோடு தனியாக இருக்கும். ஒரு கட்டில் போட்டால் அது அப்பா அம்மா அறை. குளியலறை அதே தளத்தில். நாம் குறை என்று சொல்லும் அந்த 'குளியலறை கீழே' விஷயம் அவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. கஷ்டம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான்; நடுராத்திரி அந்தச் செங்குத்துப் படியில் இறங்கி, சமையலறையைக் கடந்து போக வேண்டும். மாடியில் ஒரு சின்னக் கழிப்பறை வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கப் படுக்கையறை சமையலறைக்கு நேர் மேலே இருந்தால் கழிவுக் குழாய் இழுப்பது சுலபம்.

வீடு கட்டிய வருடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு வீட்டின் தள வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எங்கே படுப்பார், ராத்திரி எந்த வழியாக நடப்பார் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்.

புதுவீட்டுக்காரன்

அப்பா அம்மா வருவது வருடத்தில் சில மாதம். மீதி மாதமெல்லாம் பிள்ளைகள் அந்தப் படியில் இறங்க வேண்டுமா? குளிர்காலத்தில் அந்தப் பின்கட்டுக் குளியலறையில் குளித்துப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று பக்கமும் வெளிச்சுவர், மேலே ஒற்றைக் கூரை. நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பற்பசை கெட்டியாகிவிடும்.

செம்மண்வாசி

அது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அந்தப் பின்கட்டுக் கூரைக்கும் சுவருக்கும்தான் முதலில் காப்பு போட்டோம். ஒரு சுவருக்கு நாலு அங்குலம் போய்விட்டது, குளியலறை இன்னும் சின்னதானது. மேலே பரணில் 270 மில்லிமீட்டர் கம்பளி. மற்ற அறைகளின் சுவரைத் தொடவில்லை, தடித்த திரைச்சீலையோடு ஓட்டுகிறோம். கேஸ் பில் உங்களுடையதை விட அதிகம்தான், சந்தேகமே இல்லை.

பத்திரம்_பார்

ரெடிங் என்பதால் ஒன்று விட்டுப்போயிற்று. ஊரின் சில பகுதிகளில் அடியில் பழைய சுண்ணக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. 2000 ஜனவரியில் ஃபீல்டு ரோட்டில் நிலம் உள்வாங்கி வீடுகள் சேதமானது அதனால்தான். பாமர் பார்க் பக்கம் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை, எந்த முகவரியானாலும் நிலத் தேடல் அறிக்கையைச் சொலிசிட்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். வெள்ள அபாயத்தை அரசுத் தளத்தில் அஞ்சல் குறியீடு போட்டு இலவசமாகவே பார்க்கலாம்.

பழைய வீட்டுக்கு லெவல் 3 சர்வே, அதாவது கட்டடத்தை முழுசாக ஆராயும் சர்வே, வையுங்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டை சர்வே என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அது வங்கிக்காகச் செய்வது.

கென்னட்_கரை

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் நாளாகிவிட்டது, விவரம் சொல்கிறேன்.

செம்மண்வாசி சொன்ன பென்சில் வேலையைச் செய்தோம். ஷின்ஃபீல்டு வரைபடத்தில் அம்மாவின் கோடு மாடிப்படியிலேயே ஏறி ஏறி இறங்கியது. அந்த வீட்டு நிர்வாகக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை என்று பதில் வந்தது. அது மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரம் என்பதில்தான் நான் வாயடைத்துப்போனேன்.

பழைய வீட்டுக்கு 4,72,000 கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகு லெவல் 3 சர்வே வைத்தோம். வந்த அறிக்கையைப் படித்த அன்று இரவு இரண்டு பேரும் பேசவே இல்லை. முக்கியமானவை: பின்பக்கம் ஏர்பிரிக் இரண்டு மூடப்பட்டிருக்கிறது (அண்ணை, நீங்கள் சொன்ன அதே கல் பதித்த கதை). முன்சுவரில் பாதி சிமெந்து. பெரிய விஷயம், நடு அறையில் புகைபோக்கியின் அடிச்சுவரை யாரோ இடித்து இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். மேலே மாடியிலும் கூரையிலும் அது அப்படியே நிற்கிறது. எதன் மேல் நிற்கிறது என்று சர்வேயருக்குத் தெரியவில்லை. கட்டடக் கட்டுப்பாட்டுச் சான்றிதழும் இல்லை.

பத்திரம்_பார்

விற்பவர் 'இதற்குக் காப்பீடு எடுத்துத் தருகிறேன்' என்பார். ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தக் காப்பீடு கவுன்சில் நடவடிக்கைக்குத்தான், செங்கல் தலையில் விழுவதற்கு இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துக் கூரைப் பூச்சைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கென்னட்_கரை

அப்படியேதான் சொன்னார், காப்பீடு தருகிறேன் என்று! மறுத்துவிட்டோம். இன்ஜினியர் வந்து சின்னதாக ஒரு துளை போட்டுப் பார்த்தார். இரண்டு மரத்துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இரும்பே இல்லை. உத்திரம் வைத்து, பூசி, சான்றிதழோடு முடிக்க எங்களுக்கு வந்த மதிப்பீடு 5,000 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. பேசிப் பேசி விலையை 4,64,000-க்குக் கொண்டுவந்தாயிற்று. வாங்குகிறோம்.

புதுவீட்டுக்காரன்

வாழ்த்துகள். பிப்ரவரியில் கேஸ் பில் வந்ததும் இங்கே போடுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.

மறுகரை

போடுகிறோம். நீங்கள் உங்கள் நிர்வாகக் கட்டண பில்லைப் போடுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். கைக்கு வரும் பணத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மாடியில் கழிப்பறை, பின்கட்டுக் காப்பு, முன்சுவர், தரை. எதை முதலில்?

வல்லிபுரத்தான்

முதல் இரும்பு உத்திரம், அதில் கதைக்க ஒன்றுமில்லை. அந்த வேலை முடியும் வரை முன் அறை கட்டிலில் ஆரையும் படுக்க விடாமல் இருக்கிறது நல்லது, தூசி. அடுத்தது ஏர்பிரிக். அது ஒரு நாள் வேலை, கல்லைப் பெயர்த்து ஓட்டையைத் திறந்துவிட்டால் சரி. திறந்த கையோடு நடு அறையில் இரண்டு பலகையைத் தூக்கி மரச்சட்ட நுனியைப் பாருங்கோ, ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகக் கூடாது. அதுக்குப் பிறகுதான் கம்பளம். மாடிக் கழிப்பறையை அம்மா அப்பா வாறதுக்கு முதல் செய்யப் பாருங்கோ. அவை கீழே இருக்கேக்க நீங்கள் நடுச்சாமத்தில் இறங்கி ஏறினால் அவையின் நித்திரையும் போகும். முன்சுவர் சிமெந்தைச் சுரண்டுறது கோடையில், அதுவும் மெசினால் இல்லை, உளியால். மெசின் பிடிக்கிறவன் வந்தால் செங்கலின் ஓரத்தையும் சேர்த்து அறுத்துப்போடுவான். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் ஒருத்தர் கேவர்ஷத்தில் இருக்கிறார், தனிமடல் போடுங்கோ.